கல்யாண டிவிடியை எம்பி4 ஆக மாற்றுவது எப்படி?

2000க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த கல்யாணங்களின் வீடியோ பெரும்பாலும் டிவிடியில்தான் வீடு வந்து சேர்ந்தது. அதற்குச் சற்று முந்தியவை விசிடியில் வந்தன. இன்று கடையில் வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. டிவியின் பின்புறத்தில் யுஎஸ்பி துளை மட்டும் இருக்கிறது. இதைவிடக் கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. வீடியோக்காரர் கணினியில் வைத்து எழுதிக் கொடுத்த டிஸ்க்கில் காட்சிகள் பதிவாகியிருப்பது மெல்லிய சாயப் படலம் ஒன்றில். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். கம்பெனி அச்சடித்து விற்கும் சினிமா டிவிடிக்கு இந்தப் பலவீனம் இல்லை. வீட்டுக் கல்யாண டிவிடிக்கு உண்டு. எனவே இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வேலை கடினமானதல்ல. செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அவசரமாகச் செய்தால் காட்சி மங்கிவிடும், அல்லது முகங்கள் அகலமாகிவிடும், அல்லது கைகள் அசையும் இடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். இந்த மூன்றும் நேராமல் மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி, விஓபி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் பார்க்கிறோமே, அவை வெறும் பாத்திரங்களின் பெயர்கள். உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது வேறு விஷயம். அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எவர்சில்வர் தூக்கில் இருக்கும் சாம்பாரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால் சாம்பார் மாறாது. அதுபோலவே பாத்திரத்தை மட்டும் மாற்றினால் படத்தின் தரம் இம்மியும் குறையாது. கோடெக்கை மாற்றும்போதுதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகிறது. போன தரம் திரும்பி வராது.

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற கோடெக். 1990களில் வந்தது. இன்றைய டிவிகளும் செல்போன்களும் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொள்வது 2003இல் வெளியான எச்.264. 2013இல் வந்த எச்.265, அதாவது ஹெச்இவிசி, இன்னும் சிறிய கோப்பைத் தரும். ஆனால் பழைய டிவிகள் பல அதை ஓட்டுவதில்லை. கல்யாண வீடியோ பாட்டி வீட்டு டிவியிலும் ஓட வேண்டும். எனவே எம்பி4 பாத்திரம், எச்.264 படம், ஏஏசி ஒலி என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு தவறான பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயரில் விஓபி என்பதை அழித்துவிட்டு எம்பி4 என்று தட்டச்சு செய்தால் மாற்றியதாக ஆகாது. பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும். சில பிளேயர்கள் உள்ளே எட்டிப் பார்த்து ஓட்டிவிடும், டிவி ஓட்டாது.

டிஸ்க்கிலிருந்து கணினிக்கு

டிஸ்க் டிரைவ் இல்லாத கணினிக்கு யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் கிடைக்கிறது. ஒருவர் வாங்கினால் சொந்தபந்தம் முழுக்கப் பயன்படுத்தலாம்.

டிஸ்க்கை முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகையோ தூசியோ இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழுவதால் டிரைவால் அதைச் சமாளிக்க முடிவதில்லை. குறுக்கே விழும் கீறலைப் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற போல்டர் தெரியும். அதற்குள் விஓபி கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. டிவிடியின் விதி அப்படி. இரண்டு மணி நேரக் கல்யாணம் நான்கைந்து துண்டுகளாக இருப்பது இதனால்தான். அந்தப் போல்டரை முழுசாகக் கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். உள்ளே இருக்கும் சிறு கோப்புகளை வேண்டாதவை என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் துண்டு எதற்குப் பின் வருகிறது, படத்தின் அகல உயர விகிதம் என்ன என்பதெல்லாம் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நகல் பாதியில் நின்றால் உடனே மனம் தளர வேண்டாம். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் டிஸ்க்கை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. கல்யாண டிஸ்க் பெரும்பாலும் இரண்டு மூன்று பிரதிகளாகக் கொடுக்கப்பட்டிருக்கும். சம்பந்தி வீட்டுப் பிரதி நன்றாக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க்கிலிருந்தே நேராக மாற்றாமல் ஏன் நகல் எடுக்கச் சொல்கிறேன் என்றால், மாற்றும் வேலை நீண்ட நேரம் நடக்கும். ஒரு முறை சரியாக வராவிட்டால் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். அத்தனை முறையும் பழைய டிஸ்க்கைச் சுழலவிடுவது நல்லதல்ல. தவிர, இந்த நகல்தான் உங்களிடம் இருக்கப்போகும் மூலப் பிரதி. மாற்றிய பிறகும் இதை அழிக்கக் கூடாது. ஒரு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபிதான். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருநூறு டிவிடிகள் அடங்கும்.

ஹேண்ட்பிரேக்

இந்த வேலைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைத்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். முற்றிலும் இலவசம், விளம்பரம் இல்லை, வீடியோவின் மூலையில் தன் முத்திரையைக் குத்தாது. இதன் நிரல் யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இதே பெயரில் போலித் தளங்களும் இருக்கக்கூடும் என்பதால் ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர் என்ற சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் நிறுவும்போது டாட் நெட் டெஸ்க்டாப் ரன்டைம் வேண்டும் என்று கேட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

இணையத்தில் வீடியோவைப் பதிவேற்றி மாற்றிக்கொள்ளும் தளங்களும் உண்டு. அரை நிமிட வீடியோவுக்குச் சரி. 4 ஜிபி கல்யாணத்தைப் பதிவேற்றவே மணிக்கணக்கில் ஆகும். அதைவிட, வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கும் காட்சிகளை முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரில் கொண்டுபோய் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் கணினியிலேயே முடியும் வேலைக்கு அது தேவையும் இல்லை.

இனி வேலையைத் தொடங்கலாம். ஹேண்ட்பிரேக்கைத் திறந்து, நகல் எடுத்த வீடியோ டிஎஸ் போல்டரைத் தேர்ந்தெடுங்கள். தனித்தனி விஓபி கோப்பைக் கொடுக்க வேண்டாம். போல்டரைக் கொடுத்தால் துண்டுகளைத் தானே ஒட்டி ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளும். படித்து முடித்ததும் மேலே டைட்டில் என்ற இடத்தில் பட்டியல் வரும். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று வீடியோக்காரர் பிரித்திருந்தால் ஒவ்வொன்றும் தனி டைட்டிலாக இருக்கும். பக்கத்தில் நேரமும் தெரியும். அந்த நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் சரிபார்க்க உதவும்.

அடுத்தது பிரீசெட். தயாராக அமைத்து வைத்த அளவுகளின் தொகுப்பு அது. இந்தியாவில் பதிவான டிவிடிகள் பால் (PAL) என்ற டிவி முறையில் இருக்கும். அதாவது 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். எனவே ஜெனரல் பகுதியில் பெயரில் 576பி25 என்று வரும் பிரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள். வெரி ஃபாஸ்ட், ஃபாஸ்ட், எச்க்யூ, சூப்பர் எச்க்யூ என நான்கு இருக்கும். எச்க்யூ போதும்.

1080 என்று போட்டிருக்கும் பிரீசெட்டைப் பார்த்ததும் மனம் அங்கே ஓடும். அதைத் தேர்ந்தெடுத்தால் படம் தெளிவாகிவிடாது. டிஸ்க்கில் இல்லாத விவரத்தை மென்பொருள் கொண்டுவர முடியாது. சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையை டிவி தானே செய்கிறது. அதை நாம் கோப்பிலேயே செய்து வைத்தால் இடம்தான் வீணாகும்.

சம்மரி பக்கத்தில் பார்மட் எம்பி4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். டைமென்ஷன்ஸ் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டாம். டிவிடியின் 720க்கு 576 என்பது காட்டப்பட வேண்டிய வடிவமல்ல. பழைய சதுர டிவிக்கு எடுத்ததென்றால் 768க்கு 576 ஆக விரியும். அகலத் திரைக்கு எடுத்ததென்றால் 1024க்கு 576. ஹேண்ட்பிரேக் இதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். யாராவது இந்த எண்களைக் கையால் திருத்தும்போதுதான் மாப்பிள்ளை முகம் பூசணியாக விரிகிறது.

கைகள் கோடு கோடாகத் தெரிவது ஏன்?

டிவிடி மாற்றுவதில் மிக முக்கியமான இடம் இது. பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடமும் இதுதான்.

பால் முறையில் விநாடிக்கு 25 படங்கள் என்றேன். பழைய வீடியோ கேமரா அந்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதிகளாக எடுத்தது. ஒற்றைப்படை வரிகள் முதலில். விநாடியில் 50இல் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். குழாய் டிவியும் அதே வரிசையில் காட்டியதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இன்றைய தட்டை டிவியும் கணினியும் இரண்டு பாதிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகின்றன. மாலை மாற்றும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். அசையாமல் நிற்கும் குத்துவிளக்கு தெளிவாக இருக்கும். மாலையைத் தூக்கும் கை மட்டும் விளிம்பில் வரிவரியாகப் பிரிந்திருக்கும். அந்த 50இல் ஒரு பங்கு நேரத்தில் கை நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

அப்படியே மாற்றினால் இந்த வரிகள் புதிய கோப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிறகு நீக்குவது பெரும்பாடு. எனவே ஃபில்டர்ஸ் பக்கத்துக்குப் போய் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் டீகோம்ப் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்ந்தெடுங்கள். வரி பிரிந்த படங்களை மட்டும் கண்டுபிடித்துச் சீர்செய்து, மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடும் வசதி இது.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் அதே இடத்தில் டீகோம்புக்குப் பதிலாக யாடிஃப் தேர்ந்தெடுத்து, அதன் பிரீசெட்டாக பாப் என்பதை வையுங்கள். வீடியோ பக்கத்தில் பிரேம் ரேட்டை 50 என்று மாற்றுங்கள். இரண்டு பாதிகளும் தனித்தனிப் படங்களாக விரிந்து, அசைவு பழைய குழாய் டிவியில் பார்த்ததைப் போலவே வழுக்கிக்கொண்டு ஓடும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும். நலங்கு, கோலாட்டம், குழந்தைகளின் ஓட்டம் என்று அசைவு நிறைந்த வீடியோவுக்கு இதைச் செய்வது தகும்.

அதே பக்கத்தில் டீநாய்ஸ் என்று ஒன்று இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் புள்ளி புள்ளியாகத் தெரிவதை நீக்கும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. புள்ளியோடு சேர்த்துப் பட்டுப் புடவையின் ஜரிகையையும் முகத்தின் சுருக்கங்களையும் அது துடைத்துவிடும். தாத்தாவின் முகம் மெழுகில் செய்ததாகத் தெரிவதைவிடப் புள்ளிகளோடு இருப்பது மேல்.

தரமும் அளவும்

வீடியோ பக்கத்தில் என்கோடர் எச்.264 எக்ஸ்264 என்று இருக்கட்டும். பட்டியலில் என்விடியா, இன்டெல் பெயர்களோடு வருபவை கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு மாற்றுபவை. வேகம் அதிகம், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். வாழ்நாளில் ஒரே முறை செய்யும் வேலைக்கு வேகம் முக்கியமில்லை.

கான்ஸ்டன்ட் குவாலிட்டி என்ற இடத்தில் ஆர்எஃப் என்ற எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம். கல்யாணத்துக்கு 18 வையுங்கள். அதற்கும் கீழே போவதில் பயனில்லை; டிஸ்க்கில் உள்ள குறைகளைக் கவனமாகப் பாதுகாக்கத்தான் அந்தக் கூடுதல் இடம் செலவாகும்.

இந்த முறையில் கோப்பின் அளவு முன்கூட்டியே தெரியாது. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று தெரிந்தால் கணக்கு எளிது: அதை மொத்த விநாடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் மெகாபைட் கிடைக்கும். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் இரண்டு மணி நேரம், அதாவது 7200 விநாடி என்றால் 1800 எம்பி. ஆடியோவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒலிக்கு ஆடியோ பக்கத்தில் ஏஏசி, ஸ்டீரியோ, 192 என்று வையுங்கள். 160 பொதுவாகப் போதும். ஆனால் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும். அங்கே ஒலியைக் கஞ்சத்தனமாகச் சுருக்கினால் இரைச்சல் தட்டும்.

இப்போதே முழு வீடியோவையும் மாற்றத் தொடங்க வேண்டாம். மேலே சாப்டர்ஸ் என்று இருக்கும் இடத்தை செகண்ட்ஸ் என்று மாற்றி, அசைவுள்ள ஒரு நிமிடப் பகுதியை மட்டும் குறியுங்கள்; 600 முதல் 660 விநாடி வரை என்பதுபோல. சேமிக்கும் இடத்தையும் பெயரையும் கீழே கொடுத்து, ஸ்டார்ட் என்கோட் அழுத்துங்கள். வந்த துண்டை எந்த டிவியில் ஓட வேண்டுமோ அந்த டிவியிலேயே பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். முகம் சரியான வடிவில் இருக்கிறதா, கை அசைவில் கோடு இல்லையே, ஒலி வருகிறதா? எல்லாம் சரியென்றால் மீண்டும் முழு நீளத்துக்கு மாற்றி, மற்ற டைட்டில்களையும் க்யூவில் சேர்த்து, இரவு படுக்கப் போகும்முன் ஓடவிடுங்கள். மடிக்கணினியை சார்ஜரில் போடவும், தானாகத் தூங்கிப்போகும் அமைப்பை நிறுத்தி வைக்கவும் மறக்காதீர்கள்.

காலையில், குறித்து வைத்த நேரத்தோடு புதிய கோப்பின் நேரத்தை ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் டிஸ்க்கில் எங்கோ படிக்க முடியாத இடம் இருந்திருக்கிறது. தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் சில நிமிடங்கள் பாருங்கள். யாராவது வாழ்த்திப் பேசும் இடத்தில் உதட்டசைவும் குரலும் ஒத்துப்போகின்றனவா என்பது நல்ல சோதனை.

விசிடியாக இருந்தால்

விசிடியில் எம்பெக்ஏவி என்ற போல்டருக்குள் டிஏடி (DAT) என்று முடியும் கோப்பு இருக்கும். படம் 352க்கு 288 புள்ளிகள்தான். கோடெக் எம்பெக்-1. இதில் வரி பிரியும் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஹேண்ட்பிரேக் திறக்க மறுத்தால் விஎல்சி பிளேயரின் மீடியா மெனுவில் உள்ள கன்வர்ட் வசதியில் எச்.264, எம்பி4 என்ற புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து மாற்றலாம். ஆனால் டிவிடியும் விசிடியும் இரண்டுமே வீட்டில் இருந்தால் விசிடியைத் தொடவே வேண்டாம். டிவிடியில்தான் தரம் அதிகம்.

மாற்றவே தேவையில்லாத கோப்புகள்

இப்போதைய கல்யாணங்களை வீடியோக்காரர் பென் டிரைவில் தருகிறார். அதில் எம்கேவி அல்லது எம்ஓவி கோப்பு இருந்து டிவி ஓட்டவில்லை என்றால், விஎல்சியில் ஓடவிட்டு டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்பர்மேஷன் பாருங்கள். எச்.264, ஏஏசி என்று இருந்தால் தொல்லை பாத்திரத்தில் மட்டும்தான். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பை இழுத்துப் போட்டு, வெளியீட்டு வடிவமாக எம்பி4 தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்யுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தரத்தில் இழப்பு இல்லை. எச்.265 என்று இருந்து டிவி அதை ஏற்கவில்லை என்றால் மட்டும் ஹேண்ட்பிரேக்குக்கு வாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தத் தொல்லையை முளையிலேயே தவிர்க்கலாம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் எச்.265இல் பதிவு செய்கின்றன; செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றினால் எச்.264இல் பதிவாகும்.

அதே லாஸ்லெஸ்கட்டில் தாலி கட்டும் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து உறவினர்களுக்கு அனுப்பலாம். வெட்டு நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு விநாடி முன்னதாகத் தொடங்கலாம். மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் அப்படி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்குக் கடுமையாகச் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் திரும்பி வந்த வீடியோவை மீண்டும் மாற்றி டிவிக்குக் கொடுப்பதை மட்டும் செய்ய வேண்டாம். அது ஏற்கெனவே சுருங்கியது. கையில் மூலக் கோப்பு இருக்கிறது, எப்போதும் அதிலிருந்தே புதிதாக எடுங்கள்.

பென் டிரைவில் போடும்போது, கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் அமைத்த டிரைவ் ஏற்காது. அதை எக்ஸ்ஃபேட் முறையில் மறு அமைப்பு செய்ய வேண்டும். உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் முதலில் அவற்றை எடுத்து வையுங்கள். எக்ஸ்ஃபேட்டைப் படிக்காத பழைய டிவி என்றால் முகூர்த்தம், வரவேற்பு என்று இரண்டு கோப்புகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் ஆண்டும் மணமக்கள் பெயரும் நிகழ்ச்சியும் இருக்கட்டும். மாற்றிய எம்பி4, மூல வீடியோ டிஎஸ் போல்டர் இரண்டையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், அதன் நகலை வேறொரு வீட்டில் இருக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள்.